சேற்றுப்புண்ணுக்கு ஒரு விதை நிதி

பிரிஸ்கில்லா மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி நிதிக் குழுவில் உறுப்பினரானதற்கு ஒரே காரணம், அன்றைக்குக் காலை தோல் பிரிவு வரிசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்ததுதான். முதல் ஆளுக்குக் காது கேட்கவில்லை. இரண்டாவது ஆள், மச்சானைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாவதாக இருந்த பிரிஸ்கில்லாவின் முன்னால் வந்து நின்றார் ஜெகந்நாதன்.

ஜெகந்நாதன் அந்தக் கல்லூரியின் ஆராய்ச்சி அலுவலகக் கண்காணிப்பாளர். திருப்புட்குழிக்காரர். காலையில் பெருமாள் கோயில் கைங்கர்யத்தை முடித்து, நெற்றியில் திருமண் காய்வதற்குள் பஸ் ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் மேஜைக்கு வந்துவிடுவார். நிதானமான மனிதர். ஆனால் அன்று அவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, கையெழுத்துப் போடத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“படிக்க?”

“எட்டாவது வரிக்கும் படிச்சிக்கீறேன்.”

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. “எட்டாவதுதானே, பரவாயில்லை” என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார்.

விஷயம் இதுதான். தில்லியில் ஒரு நிதி வாரியம் இருக்கிறது. ஆய்வகத்தில் பிறக்கும் மருத்துவ யோசனைகள் நோயாளியின் கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழியிலேயே செத்துப்போகின்றன என்று அந்த வாரியத்துக்குக் கவலை. அப்படிச் சாகாமல் முதல் இரண்டு எட்டு எடுத்துவைக்க அவர்கள் கொடுக்கிற பணத்துக்கு விதை நிதி என்று பெயர். அதை எந்த ஆராய்ச்சிக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு குழு. குழுவில் ஒன்பது நிபுணர்களும் ஒரு சாதாரண மனிதரும் இருக்க வேண்டும் என்பது விதி.

நிபுணர்கள் சுலபமாகக் கிடைத்துவிட்டார்கள். சாதாரண மனிதர் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. முதல் வருஷம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டார்கள். இவர் சாதாரண மனிதர் அல்ல என்று வாரியம் திருப்பி எழுதியது. அடுத்த வருஷம் முதல்வரின் கார் ஓட்டுநரைப் போட்டார்கள். இவர் சாதாரண மனிதர்தான், ஆனால் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர் என்று மறுபடியும் எழுதியது. இந்த வருஷம் வாரியத்திலிருந்து ஆட்களே நேரில் வருகிறார்கள், அன்று மாலை மூன்று மணிக்கு. அதற்குள் ஒரு சாதாரண மனிதரைக் காட்டியாக வேண்டும்.

பிரிஸ்கில்லா சாதாரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. நாற்பத்துநாலு வயது. உத்திரமேரூரிலிருந்து உள்ளே போகும் பாதையில் கல்லேரிமேடு காலனி. சொந்தமாகக் கழனி கிடையாது. ஊரார் கழனிகளில் நடவு நடுகிற இருபத்திரண்டு பெண்களுக்கு அவள்தான் தலைவி. வேலை பேசுவது, ஆள் சேர்ப்பது, கூலி வாங்கிப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வருஷத்துக்கு மூன்று நடவு. மூன்று நடவுக்கும் காலில் சேற்றுப்புண். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, செருப்பு வார் பட்டால் உயிர் போகும். அதற்குத்தான் அன்று ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்டாள். புண்ணுக்கு மருந்து எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. அவள் புருஷன் சாம்சன், சென்டரிங் வேலை செய்பவன், அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“இன்னாமே, வெத நிதின்னு போட்டுக்கீது. வெதநெல்லு சும்மா குடுக்கறாங்கோ போல. சாக்கு எடுத்துக்கினு போ.”

“நம்மகிட்ட எங்கய்யா கழனி கீது, வெதநெல்லு வாங்கறதுக்கு?”

“குடுக்கறத வாங்கினு வா. கெவுருமெண்டு குடுக்குது, கழனி கீதான்னா கேக்கப்போறான்?”

பிரிஸ்கில்லா ஒரு சாக்கை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குளிர்சாதனம் போட்ட கூட்ட அறைக்குள் நுழைந்தாள். ஜெகந்நாதன் பாய்ந்து வந்து அந்தச் சாக்கை வாங்கி, யாரும் பார்ப்பதற்குள் கோப்புகளுக்கு அடியில் செருகிவிட்டார்.

கூட்டத்தைத் தொடங்கிவைத்த முதல்வர், குடவோலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே பானையில் ஓலை போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த ஊர் உத்திரமேரூர், அந்த மண்ணின் மகள் இன்று நம் குழுவில் என்று கையைப் பிரிஸ்கில்லாவின் பக்கம் நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கல்வெட்டின்படி கால் வேலி நிலமாவது சொந்தமாக இல்லாதவர் பெயரை ஓலையில் எழுதவே முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் காதுகுத்துகளில்கூடக் குடவோலையைப் பற்றிப் பேசுவார்கள். இந்த ஒன்றை யாரும் சொல்வதில்லை.

பிரிஸ்கில்லாவின் முன்னால் ஒரு தட்டில் முந்திரிப்பருப்பும், ஒரு படிவமும் வைத்தார்கள். படிவத்தில் ‘பொதுமக்கள் பிரதிநிதியின் கருத்து’ என்று ஒரு கட்டம். அதற்குள் ஏற்கெனவே அச்சாகியிருந்தது: ‘மிகவும் பயனுள்ளது. முழு மனதுடன் ஏற்கிறேன்.’

“சார், இத்த நான் சொல்லவே இல்லியே?”

“சொல்லப்போறேளேம்மா” என்றார் ஜெகந்நாதன் கிசுகிசுப்பாக. “நேரம் மிச்சமாகட்டும்னு முன்னாடியே அடிச்சு வெச்சுட்டோம்.”

முதலில் எழுந்தவர் டாக்டர் ராமப்ரசாத். துறைத் தலைவர். விவசாயக் கூலிப் பெண்களின் பாதங்களைக் காப்பதற்காகத் தங்க நுண்துகள் பூசிய காலுறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதைச் சோதிக்க அவருக்கு நாற்பது லட்சம் வேண்டும். அதில் ஒரு பகுதி, காலுறையைப் பற்றி வியன்னாவில் பேசிவிட்டு வருவதற்கு. திரையில் ஒரு பாதத்தின் படம் விழுந்தது. ரோஜா நிறப் பாதம்.

“சார், யாரு காலு சார் அது?” என்று கேட்டாள் பிரிஸ்கில்லா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்த யாரும் பேசியதில்லை.

“அது... மாதிரிப் படம்மா.”

“அந்தக் காலு சேத்துல எறங்காது சார். அத்த வுடுங்கோ. காலுக்கு மாட்டிக்கினு கழனில எறங்கணும்னு சொல்றீங்களே, சேறு அத்த உள்ள இஸ்துக்குமே சார்? ஒரு எட்டு வெச்சா காலு மட்டுந்தான் மேல வரும், உங்க தங்கம் உள்ளயே நின்னுரும்.”

ராமப்ரசாத் அழகாகச் சிரித்தார். “அருமையான கேள்வி. அதை இரண்டாம் கட்டத்தில் பார்ப்போம்.”

நாற்பது லட்சம் அனுமதிக்கப்பட்டது.

கடைசியாக வந்தவர் டாக்டர் பத்மஜா. தோல் பிரிவில் உதவிப் பேராசிரியை, முப்பது வயசு இருக்கும். பிரிஸ்கில்லாவுக்குப் புண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்தவரே அவர்தான். மெழுகும் துத்தநாகமும் சேர்த்து அவர் ஒரு களிம்பு செய்திருந்தார். சேற்றில் இறங்கும் முன் விரல் இடுக்கில் தடவிக்கொண்டால் தண்ணீர் தோலுக்குள் இறங்காது. அறுபது பெண்களிடம் ஒரு நடவுக்கு மட்டும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு லட்சத்து எண்பதாயிரம் போதும்.

குழுவே சங்கடப்பட்டது. குறைந்தபட்சத் தொகை பத்து லட்சம் என்று விதி இருந்தது. அதற்குக் கீழே கேட்கிற ஆராய்ச்சிக்குப் படிவமே கிடையாது.

“சாருங்களா, எங்களுக்கு இதான் வேணும்” என்றாள் பிரிஸ்கில்லா.

“குறித்துக்கொள்ளப்பட்டது” என்றார் முதல்வர். பிறகு பத்மஜாவைப் பார்த்து, “யோசனை நல்லதுதான், பெரிதாக யோசியுங்கள்” என்றார்.

பத்மஜா பெரிதாக யோசித்தார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது களிம்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி, பாதத்தைப் படமெடுத்துப் புண்ணை அளக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி, அதற்கு இருபது கைப்பேசிகள், ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு பன்னாட்டு ஆலோசகர் எல்லாம் சேர்ந்திருந்தன. மொத்தம் பன்னிரண்டு லட்சம். ஒரே குரலில் அனுமதித்தார்கள். அந்த முறை பிரிஸ்கில்லா கட்டத்தில் தன் கையாலேயே எழுதினாள்: ‘களிம்பு வேணும். மத்தது உங்க இஷ்டம்.’

அதற்குள் அவளுக்கும் அந்த நாற்காலி பழகிவிட்டிருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போட்டுக்கொண்டு போனாள். மருந்தெல்லாம் இவள் ‘பாஸ்’ செய்தால்தான் கடைக்கு வரும் என்று காலனியில் பேச்சு. ஒருவன் மகளுக்கு நர்சிங் சீட்டு கேட்டு வந்தான். அவள் அதை மறுக்கவும் இல்லை, பார்க்கலாம் என்றாள். சொர்ணவாரி நடவில், போன வாரத்துக் கூலி எங்கே என்று சொக்கம்மாள் கேட்டபோது, பிரிஸ்கில்லாவின் வாயிலிருந்து தானாகவே வந்தது:

“அருமையான கேள்வி.”

சொக்கம்மாள் கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றிலேயே போட்டாள். பிரிஸ்கில்லாவைவிட மூன்று வயது சின்னவள், ஆனால் வாயில் பத்து வயது பெரியவள். “யக்கா, துட்டு கீதா, இல்லியா? அத்தச் சொல்லு. மீட்டிங்கு பேச்செல்லாம் இங்க வாணாம்.”

துட்டு அன்று சாயங்காலமே வந்தது.

பத்மஜாவின் நிதிக்கு அனுமதி கிடைத்தது ஆகஸ்டில். சம்பா நடவுக்கு முன்பே பணம் வந்துவிடும் என்றார்கள். சம்பா நடவு முடிந்தது. நவரைக்கு நிச்சயம் என்றார்கள். நவரை நட்டு, களை எடுத்து, பயிர் பூக்கும் நேரத்தில், மார்ச் நாலாம் தேதி பணம் வந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் தில்லிக்கே திரும்பிவிடும் என்று கூடவே ஒரு கடிதமும் வந்தது.

மார்ச்சில் உத்திரமேரூர் வட்டாரத்தில் எங்கேயும் நடவு கிடையாது. சேறு கிடையாது. சேறு இல்லாமல் சேற்றுப்புண் கிடையாது. புண் இல்லாமல் ஆராய்ச்சி கிடையாது.

“அப்ப சேறு பண்ணிட வேண்டியதுதான்” என்றார் ஜெகந்நாதன். எதையும் கோப்பு போட்டுத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர் அவர்.

கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் அரை கிரவுண்டு இடத்தில் வரப்பு கட்டினார்கள். சேற்றுக்கு மூன்று விலைப்புள்ளிகள் வாங்க வேண்டும் என்பதால் மூன்றும் வாங்கினார்கள். குறைந்த விலை சொன்ன, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து நிறுவனம் ஒன்று நாலு லாரி மண் கொண்டுவந்து கொட்டியது. பிரிஸ்கில்லா வந்து ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

“சார், இது செம்மண்ணு. வூடு கட்டறதுக்கு அஸ்திவாரத்துல கொட்றது. இதுல நின்னா புண்ணு வராது, செங்கல்லுதான் வரும்.”

கடைசியில் அவள்தான் தான் எப்போதும் நடுகிற கழனிக்காரரிடம் பேசி, இரண்டு டிராக்டர் கழனி மண் வரவழைத்தாள். ஜெகந்நாதன் அதைப் பதிவேட்டில் ‘உயிரியல் ஊடகம், இரண்டு அலகு’ என்று எழுதிக்கொண்டார்.

பிறகுதான் சிக்கல் வந்தது. அறுபது பெண்கள் வேண்டும். பிரிஸ்கில்லாவின் இருபத்திரண்டு பேரும், பக்கத்து ஊர்களிலிருந்து அவள் சொன்னால் வருகிறவர்களும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் அவள் மட்டும் சேற்றில் இறங்க முடியாது என்றார் ஜெகந்நாதன். பணம் அனுமதித்த குழுவில் இருப்பவர் அந்த ஆராய்ச்சியிலேயே பங்கெடுக்கக் கூடாது. விதி. ஒன்று நாற்காலி, இல்லாவிட்டால் சேறு.

காலனியில் அவள் இதைச் சொன்னபோது சொக்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“அப்ப நீ மேல ஏசில முந்திரி துண்ணுக்கினு கெடப்ப, நாங்க கீழ நின்னுக்கினு காலு அழுகணும். ஏன்க்கா, மருந்து நல்ல மருந்துதானா? நீயே எறங்க மாட்டேன்றியே?”

பிரிஸ்கில்லா வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டியிருந்த அடையாள அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை விட அவளுக்கு மனசில்லை. பிறந்ததிலிருந்து, முதுகு சாயும் நாற்காலியில் அவளை ஒருவர் உட்காரச் சொன்னது அங்கே மட்டும்தான். ஆனால் இருபது வருஷமாக, வரப்பிலிருந்து எந்த வேலையையும் அவள் ஏவினதும் கிடையாது. முதல் ஆளாக அவள் சேற்றில் கால் வைப்பாள், பின்னால் மற்றவர்கள் இறங்குவார்கள். மறுநாள் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். ஜெகந்நாதன் அதை வாங்கிக்கொண்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“மறுபடியும் ஒரு சாதாரண மனுஷாளுக்கு நான் எங்கேம்மா போவேன்?”

சேற்றில் நிற்கும் ஆராய்ச்சி பதினெட்டு நாள் நடந்தது. கல்லூரிப் பேருந்து காலையில் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஆறு மணி நேரம் சேற்றில் நிற்க வேண்டும். சும்மா நின்றால் இயல்பாக இருக்காது என்று நாற்று கொடுத்தார்கள். காலையில் நட்டதை மத்தியானம் பிடுங்கி, மறுபடியும் நட்டார்கள். வெளிநாட்டு விருந்தினர்களுக்கு அது பாரம்பரிய விவசாயம் என்று காட்டப்பட்டது. மாணவர்கள் வந்து கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள். ஒரே நாற்று பன்னிரண்டு தடவை நடப்பட்டதில் நொந்துபோய், பழுத்துச் செத்தது.

முப்பது பேருக்கு நீல மூடி டப்பா, முப்பது பேருக்குப் பச்சை மூடி டப்பா. ஒன்றில் களிம்பு, மற்றொன்றில் வெறும் மெழுகுக் குழம்பு. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எது எதில் என்று பத்மஜாவுக்கே தெரியாது. அது மருந்தகத்தில் உறையிட்டு ஒட்டிய தாளில் இருந்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலி, அறுபது பாதங்களில் பதினாலை உருளைக்கிழங்கு என்று அடையாளம் கண்டது. ஆகையால் பத்மஜா தாமே குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு விரல் இடுக்கையும் அளந்து நோட்டில் எழுதினார். ஏப்ரலில் உறை பிரிக்கப்பட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்த வாரம் பிரிஸ்கில்லா வேறு எதற்கோ ஆஸ்பத்திரிக்குப் போனபோது பத்மஜா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கண் கீழெல்லாம் கறுத்திருந்தது.

“மருந்து வேலை செய்யல பிரிஸ்கில்லாம்மா.”

“யாரு சொன்னது? சும்மா பேஜாரு பண்ணாதீங்க டாக்டரம்மா. அத்தினி பேருக்கும் நல்லா கேட்டுதே!”

“அதான். அறுபது பேருக்கும் ஒரே மாதிரி பாதி கேட்டிருக்கு. நீலத்துக்கும் அதே, பச்சைக்கும் அதே.”

பிரிஸ்கில்லா மெதுவாகச் சொன்னாள்:

“ரெண்டு மூடிக்காரிங்களும் ஒண்ணாதான டாக்டரம்மா போட்டுக்கினோம்.”

“என்னது?”

“நாலா நாளே தெரிஞ்சிபூட்ச்சி, நீல மூடிதான் நல்ல மருந்துன்னு. பச்சை மூடிக்காரிங்க காலப் பாத்தா கண்றாவியா இருந்துச்சு. சோறு துண்ணும்போது பாதிப் பாதி பங்கு போட்டுக்கினோம். நம்ம பொண்ணுங்கோ நொண்டிக்கினு நிக்குறத எப்டி டாக்டரம்மா பாத்துக்கினு இருக்கறது?”

பத்மஜா பேனாவை மேஜைமேல் வைத்தார். “பங்கு போடக் கூடாதுன்னு படிவத்துல எழுதியிருந்ததே! ஒன்பதாம் பக்கம்! நானே படிச்சுக் காட்டினேனே!”

“நாலாம் பக்கம் படிக்கும்போதே பஸ்ஸு வந்துட்ச்சி.”

பத்மஜாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கண்ணில் நீர் வந்தது. பிரிஸ்கில்லாவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. சேறு வந்தது, நாற்று வந்தது, பஸ் வந்தது, பன்னிரண்டு லட்சம் வந்தது. எதனால் ஒரு நல்ல மருந்து கெட்ட பெயர் வாங்கியது என்றால், தான் பகிர்ந்து கொடுக்கச் சொன்னதால். பங்கு பிரித்தவளே அவள்தான். கூலி பிரிக்கிற மாதிரிச் சரிபாதியாகப் பிரித்திருந்தாள்.

கல்லூரி, தில்லிக்கு அறிக்கை அனுப்பியது. ‘ஊக்கமளிக்கும் முடிவுகள். மேலும் ஆய்வு தேவை.’ குளிர்பதனப் பெட்டி முதல்வர் அறைக்குப் போனது.

ஜூனில் சொர்ணவாரி நடவு வந்தது. ஏரி மதகுப் பக்கத்தில் ஒரு கழனி. சொக்கம்மாள் மார்ச் மாதத்து நீல மூடி டப்பாவை இன்னும் வைத்திருந்தாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு காலுக்குத்தான் போதும். ஏற்கெனவே மோசமாக இருந்த வலது காலில் அதைத் தடவிக்கொண்டு இறங்கினாள். ஐந்தாம் நாள் வரப்பில் உட்கார்ந்து காலைக் கழுவும்போது கத்த ஆரம்பித்தாள்.

“யக்கா, இந்தக் கூத்தப் பாரு! நல்லா இருந்த காலு அழுகிப்பூட்ச்சி, அழுகின காலு நல்லாய்ட்ச்சி!”

பிரிஸ்கில்லா கிட்டே போய்ப் பார்த்தாள். வலது காலையும் இடது காலையும் சேர்த்து வைக்கச் சொன்னாள். ஒரே பெண், ஒரே சேறு, ஒரே ஐந்து நாள். வலது காலின் இடுக்குகள் காய்ந்து இருந்தன. இடது கால் வெளுத்துக் கிழிந்திருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று பத்மஜாவுக்குப் போன் போட்டாள்.

“டாக்டரம்மா, ஒருத்திக்கு நல்ல மருந்து, ஒருத்திக்குச் சும்மான்னு குடுத்தா நாங்க பங்குதான் போடுவோம். அத்த மாத்த முடியாது. ஆனா ஒருத்திக்கே ரெண்டு காலு கீதே? ஒரு காலுக்கு இது, ஒரு காலுக்கு அது. எல்லார்கிட்டயும் ரெண்டும் இருந்தா யாரு யாருகிட்ட வந்து கேக்கப்போறா?”

 தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பிரிஸ்கில்லா போனைத் தட்டிப் பார்த்தாள்.

“இருக்கேன்” என்றார் பத்மஜா. “இப்படிப் பண்றது உண்டு. புத்தகத்துலேயே இருக்கு. எனக்குத்தான் தோணல.”

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மூன்று மாதம் ஆனது. பணம் மட்டும் கிடையாது. நிதி மார்ச்சோடு முடிந்துவிட்டது. மிச்சம் கிடந்த மெழுகையும் துத்தநாகத்தையும் வைத்து மருந்தகத்திலேயே களிம்பு செய்தார்கள். செயலிக்கு வாங்கின கைப்பேசிகளில் பாதங்களைப் படம் மட்டும் எடுத்தார்கள். படிவத்தைப் பத்மஜா ஒரே பக்கமாக எழுதினார். சம்பா நடவின் முதல் நாள், பிரிஸ்கில்லா அதை வரப்பில் நின்று உரக்கப் படித்தாள். எந்த டப்பாவில் நல்ல மருந்து என்று தெரிந்தாலும், இருபது நாள் அதை இன்னொரு காலுக்குத் தடவக் கூடாது என்பது முதல் வரியிலேயே இருந்தது.

“இருவது நாளு கழிச்சி?” என்றாள் சொக்கம்மாள்.

“ரெண்டு காலுக்கும் நல்ல மருந்து. கல்லூரி குடுக்கும்” என்றார் பத்மஜா.

“அத்தயும் இதுலயே எழுதுங்கோ. அப்பாலதான் கையெழுத்து.”

எழுதினார்கள்.

அந்த இருபது நாளும் பிரிஸ்கில்லா காவல் காத்த மாதிரி அவள் பெற்ற மகளைக்கூடக் காத்ததில்லை. கையில் டப்பாவோடு யாராவது இன்னொரு காலின் பக்கம் குனிந்தால் போதும், கழனியின் இந்தக் கோடியிலிருந்து சத்தம் வரும். அவளுடைய இடது காலே பற்றி எரிந்தது. இரண்டு தடவை அவள் விரல் வலது கால் டப்பாவரை போனது. கையை இழுத்துக்கொண்டாள். பெண்கள் வழியில் நடக்கும்போது அத்தனை பேரும் ஒரே பக்கமாக நொண்டவில்லை. சிலர் வலதிலும் சிலர் இடதிலும் நொண்டினார்கள். ரோட்டில் பார்த்தவர்கள், காலனிக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டார்கள்.

ஐம்பத்திரண்டு பேர் கடைசிவரை நின்றார்கள். உறை பிரித்தபோது நாற்பத்து நாலு பேருக்குக் களிம்பு தடவின கால் நன்றாக இருந்தது. பத்மஜா அன்று கல்லேரிமேட்டுக்குத் தாமே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வந்து, தெருக் குழாயடியில் நின்ற பிரிஸ்கில்லாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

கல்லூரியில் அந்த முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்று கொஞ்சம் குழப்பம் இருந்தது. பன்னிரண்டு லட்சம் செலவழித்த ஆராய்ச்சி தோற்று, ஒன்றும் செலவழிக்காத ஆராய்ச்சி ஜெயித்தது நிதி அலுவலகத்துக்கு நல்லதாகப் படவில்லை. செலவே இல்லாத ஆராய்ச்சிக்குச் செலவுச் சான்றிதழ் எப்படிக் கொடுப்பது என்று ஜெகந்நாதன் இரண்டு நாள் யோசித்து, பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சான்றிதழைத் தெளிவுரை கேட்டு வாரியம் திருப்பி அனுப்பியது.

இதற்கு நடுவில் அவர் சாதாரண மனிதரையும் தேடிக்கொண்டிருந்தார். சம்பா நடவைப் பார்க்க வந்தவர், சேற்றில் நின்ற சொக்கம்மாளிடம் நேராகவே கேட்டுவிட்டார்:

“ஏம்மா, நீங்க கூட்டத்துல கேள்வியெல்லாம் கேப்பேளா?”

“நானா? வாயே தொறக்க மாட்டேன் சார்.”

கழனியே சிரித்தது. ஜெகந்நாதனுக்கு ஏன் என்று புரியவில்லை. அடுத்த மாதம் சொக்கம்மாள் குழுவில் உட்கார்ந்தாள். முதல் கூட்டம் மாலை ஆறு வரை இழுத்தது என்று கேள்வி.

பத்மஜா இப்போது இரண்டாம் கட்டத்துக்கு, ஐந்நூறு பெண்களோடு, மூன்று வட்டாரங்களில் செய்ய விண்ணப்பித்திருக்கிறார். களப்பணி முழுவதையும் பிரிஸ்கில்லாதான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். களப்பணியாளருக்குக் குறைந்தபட்சத் தகுதி முதுகலைப் பட்டம் என்று அதுவும் திரும்பி வந்தது. ஜெகந்நாதன் விதிப் புத்தகத்தை ஒரு முழு நாள் புரட்டினார். களப்பணியாளருக்குப் பட்டம் வேண்டும், உதவியாளருக்குப் பட்டயம் வேண்டும், ஓட்டுநருக்குப் பத்தாவது வேண்டும். ஆலோசகருக்கு மட்டும் எந்தத் தகுதியும் விதிக்கப்படவில்லை. பிரிஸ்கில்லாவை ஆலோசகராகப் போட்டார். அவள் வேலையை விட்டதே இல்லை, நடவு நாட்களில் கழனியில்தான் இருக்கிறாள். ஆலோசனை வேண்டுபவர்கள் வரப்புக்கு வருகிறார்கள்.

சேர்ந்த நாளில் எழுத்துமூலமாக ஓர் ஆலோசனை கொடுக்கச் சொன்னார்கள். அவள் ஒரே வரி எழுதினாள்: ‘துட்டு, நாத்து வுடறதுக்கு முன்னாடி வரணும்.’ ஜெகந்நாதன் அதை ஆங்கிலத்தில் இரண்டு பக்கமாக மாற்றித் தில்லிக்கு அனுப்பினார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. களிம்பு இன்னும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஆனால் கல்லூரி மருந்தகத்தின் பின்பக்க ஜன்னலில் போய்க் கல்லேரிமேடு என்று சொன்னால் ஒரு டப்பா தருகிறார்கள். நடவுக் காலத்தில் அந்த ஜன்னலில் வந்து நிற்கிற பெண்கள் எல்லோருமே, எந்த ஊராக இருந்தாலும், கல்லேரிமேடு என்றுதான் சொல்கிறார்கள்.